பச்சைக்கு நடுவில் நீலம்

தங்கையனுக்குத் தன் கைமேல் இருந்த நம்பிக்கை கொஞ்சநஞ்சமில்லை. மஸ்கட்டில் பதினைந்து வருஷம் எலெக்ட்ரீஷியன். அங்கே அவன் ஒயரிங் செய்த கட்டடங்களில் இன்றுவரை ஒரு பல்புகூட மினுக்கியதில்லை என்று பாலக்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அத்தனை பேருக்கும் அதைச் சொல்லி வைத்தவன் அவனேதான். ஊர் திரும்பி எட்டு மாதமாக மனைவி லூர்துராணியோடு சேர்ந்து தொழில் நடத்துவதாகவும் சொல்லிக்கொண்டிருந்தான். கடைப் பலகையில் என்னவோ 'ராணி நெட்வொர்க்ஸ்' என்றுதான் இருந்தது.

அவன் மஸ்கட்டில் இருந்த காலத்தில் ராணி சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. சிங்காரத்தோப்பில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு பில் போடப் போனவள், கேபிள் இழுக்கக் கற்று, முனையில் பிளக் வைத்துக் கருவியால் அழுத்தி கிரிம்ப் அடிக்கக் கற்று, மூன்று வருஷத்துக்கு முன் தனியாகக் கடை போட்டுவிட்டாள். இரண்டு கம்ப்யூட்டர் உள்ள ஆடிட்டர் ஆபீஸ், நாலு கம்ப்யூட்டர் உள்ள ஸ்கேன் சென்டர் என்று சின்னச் சின்ன வேலைகளாக வந்துகொண்டிருந்தபோது, முதல் பெரிய வேலை ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தது. வடக்குச் சித்திரை வீதியில் பயிற்சி மையம் நடத்தும் பீமராவ், தன் முப்பது கம்ப்யூட்டர்களையும் ஒரே நெட்வொர்க்கில் இணைத்துத் தரச் சொன்னார். ஆன்லைன் தேர்வு நடத்த அனுமதி கேட்டிருந்தார். சனிக்கிழமை பதினோரு மணிக்கு அதிகாரி வந்து முப்பதிலும் ஒரே நேரத்தில் மாதிரித் தேர்வு ஓட்டிப் பார்ப்பார். ஒன்று நின்றாலும் அனுமதி இல்லை. அனுமதி போனால் ராணியின் பெயரும் அத்தோடு போகும். காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள்.

முன் ஹாலில் பதினெட்டு கம்ப்யூட்டர், பின்னறையில் பன்னிரண்டு. ஹால் ராணிக்கு. பின்னறையைத் தங்கையன் கேட்டு வாங்கிக்கொண்டான்.

நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டு மெல்லிய ஒயர்கள் இருக்கும். இரண்டிரண்டாக முறுக்கிய நாலு ஜோடி. அவற்றை எந்த வரிசையில் பிளக்கில் சொருக வேண்டும் என்று ராணி ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தாள். அந்த வரிசையில் பச்சை ஜோடியைப் பிரித்து, நடுவில் நீல ஜோடியை நுழைக்க வேண்டியிருந்தது. தங்கையனுக்கு அது கோணலாகப் பட்டது. இரண்டு முனையிலும் ஒரே வரிசை இருந்தால் போதாதா? கரண்டுக்குக் கலர் தெரியுமா என்ன? பச்சைக்குப் பக்கத்தில் பச்சை, நீலத்துக்குப் பக்கத்தில் நீலம் என்று பார்க்க லட்சணமாக இருபத்துநாலு முனைகளையும் அடித்து முடித்தான். டெஸ்டரில் போட்டுப் பார்த்தான். ஒயருக்கு ஒன்றாக எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. வரிசையை மாற்றியதை ராணியிடம் சொல்லவில்லை. சரியாக இருக்கும் வேலையைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தான்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு முப்பதையும் ஒன்றாக ஓட்டிப் பார்த்தார்கள். ஹாலில் கேள்வித்தாள் பளிச்சென்று வந்தது. பின்னறையில் பன்னிரண்டு திரையிலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

தங்கையன் அசரவில்லை. டெஸ்டரைச் சொருகிக் காட்டினான். "பாரு, எட்டும் எரியுது. கேபிள்ல ஒண்ணுமில்ல. ஸ்விட்ச்சைப் பாரு."

எல்லாக் கேபிளும் வந்து சேரும் அந்த ஸ்விட்ச் பெட்டிப் பக்கமே ராணி போகவில்லை. ஒரு பிளக்கைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்குக்குள் ஒயர்கள் தெரிந்தன. பிறகு அதை வெட்டி எறிந்தாள். இரண்டு முனையிலும் புது பிளக் வைத்து அடித்துச் சொருகினாள். அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் கேள்வித்தாள் வந்தது.

"எப்படி?" என்றான் தங்கையன்.

"பிளக்குல மூணாவது பின்னும் ஆறாவது பின்னும் ஒரே சேதிக்குங்க. அது ரெண்டும் ஒண்ணா முறுக்கின ஜோடியா இருக்கணும். அதுக்குத்தான் பச்சையைப் பிரிச்சு வைக்கிறது. நீங்க வச்சதுல ஒண்ணு பச்சை, ஒண்ணு நீலம். வேற வேற ஜோடி. பக்கத்துல போற சேதி இதுல கலந்துரும். சின்னக் கேபிள்னா சமாளிச்சுக்கும். இது நாப்பது மீட்டர்."

"டெஸ்டர்ல எட்டும் எரிஞ்சுதே?"

"கரண்டு போகுதான்னுதான் அது பாக்கும். எந்த ஜோடியில போகுதுன்னு அதுக்கு எங்க தெரியும்?"

அதற்குள் பீமராவ் வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். "என்னம்மா இது? சார் கைபட்ட ஒயரிங்ல தப்பு வராது. நீங்க செஞ்சதுலதான் எங்கயோ கோட்டை விட்டிருக்கீங்க."

தங்கையன் வாயைத் திறப்பதற்குள் ராணி சொல்லிவிட்டாள். "எங்க வேலையிலதான் தப்பு சார். பதினொண்ணுக்குள்ள சரி பண்ணிடறோம்."

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அந்த 'எங்க' என்ற சொல்தான் அவனைச் சுட்டது. ஆனாலும் பேசாமல் நின்றான். அது அதைவிடச் சுட்டது.

மிச்சம் பதினொரு கேபிள், இருபத்திரண்டு முனை. "வரிசையை ஒரு தடவ சொல்லு ராணி" என்றான். அவள் சொல்லச் சொல்ல ஜெபமாலை உருட்டுவதுபோல முணுமுணுத்துக்கொண்டே தோலை உரித்துக் கொடுத்தான். எட்டு மாதமாகக் கூடவே இருந்தும் அவள் கையை அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தான். முறுக்கை விரல்நகம் அளவுக்குமேல் பிரிக்கவில்லை. கட்டைவிரலால் ஒரே நீவு, எட்டும் தட்டையாகப் படுத்தன. ஒரே வெட்டு, ஒரே அழுத்து, முடிந்தது. ஒரு பிளக்குகூட வீணாகவில்லை. முதலில் அவனுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஏழாவது கேபிளில் பொறாமை எங்கோ போய்விட்டது. இவள் என் பெண்டாட்டி என்று யாரையாவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல நெஞ்சு பொங்கியது.

பத்தேமுக்காலுக்கு முடித்தார்கள். பதினொன்றுக்கு அதிகாரி பஸீலா வந்தார். அதிகம் பேசாதவர். முப்பதையும் ஒன்றாக ஓட்டவிட்டு, அரைமணி நேரம் வரிசை வரிசையாக நடந்தார். பின்னறையில்தான் அதிக நேரம் நின்றார். ஒரு திரைகூடத் திணறவில்லை. தங்கையன்தான் மூச்சு விடாமல் நின்றான்.

"நல்லா இருக்கு" என்று சொல்லி பஸீலா படிவத்தை எடுத்தார். "நெட்வொர்க் செஞ்சவங்க பேரு?"

பீமராவ் முந்திக்கொண்டார். "தங்கையன் மேடம். இதோ, இவர்தான். மஸ்கட்ல பதினஞ்சு வருஷம் இருந்தவர். அந்தம்மா கூடமாட ஒத்தாசைக்கு வருவாங்க."

ராணி குனிந்து மிச்சக் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அவளுக்கு இது புதிதில்லை. போகிற இடமெல்லாம் இதையேதான் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் தங்கையன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். இன்று அவனால் சிரிக்க முடியவில்லை.

"எழுதாதீங்க மேடம்" என்றான். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. "லூர்துராணின்னு எழுதுங்க. பின்னால இருக்கற ரூம் மொத்தத்தையும் நான் தப்பா அடிச்சு வச்சிருந்தேன். காலையில அத்தனையும் வெட்டி எறிஞ்சு சரி பண்ணது அவங்க. நான் அவங்ககிட்டதான் வேலை பாக்கறேன்."

பீமராவ் ராணியைப் பார்த்தார், தங்கையனைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்தார். பஸீலா பாதி எழுதியிருந்ததை அடித்துவிட்டு ராணி பக்கம் திரும்பினார்.

"உங்க போன் நம்பர் சொல்லுங்கம்மா. துறையூர்லயும் ஒரு சென்டர் போடப்போறோம். ஆள் வேணும்."

ராணி நிமிர்ந்து சொல்லத் தொடங்கினாள். ஐந்தாவது எண்ணில் குரல் அடைத்து நின்றுவிட்டது. அந்த நம்பர் தங்கையனுக்கு மனப்பாடம். ஆனாலும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து தானே சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தான்.