இலவச ஆபரேஷன்

ராஜபாளையத்தில் கழிவுப் பஞ்சு வியாபாரம் செய்யும் ஜெய்னுலாப்தீனுக்கு அன்று காலையிலிருந்து கால் தரையில் பாவவில்லை. வெளியூரில் சர்ஜரி படிப்பை முடிக்கப் போகும் மகள் மாஜிதா வீட்டுக்கு வந்திருந்தாள். தென்காசி ரோட்டில் அவளுக்காகக் கட்டிய ஆஸ்பத்திரிக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. திறப்பு விழாவன்று ஏழைகளுக்குக் குடலிறக்க ஆபரேஷன் இலவசம் என்று நோட்டீஸும் அடித்துவிட்டார். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவன், அவர் குடோனில் பொதி தூக்கும் சீனிச்சாமி.

நோட்டீஸைப் படித்த மாஜிதா, இன்னும் ஒரு வருஷம் பெரிய டாக்டருக்குக் கீழே இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். மகள் பெயிலாகிவிட்டாளோ என்று தாய் நூர்பானு கலங்கிப்போனாள்.

அப்படி ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் அவள் படிக்கும் ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டர்கள் இரவும் பகலும் தூங்காமல் நிற்பார்கள். அப்படி நின்ற ஒருவன் தையல் போடும்போதே கண்ணயர்ந்துவிட்டான். அதற்குப் பிறகு, வேலை நேரத்துக்கு வரம்பு கட்டினார்கள். நல்ல காரியந்தான். ஆனால் நேரம் குறையவே கைக்கு வந்த ஆபரேஷனும் குறைந்தது. படிப்பு மட்டும் அதே மூன்று வருஷம்.

அந்தக் காலத்து டாக்டர்கள் தூங்காமல்தானே படித்தார்கள் என்று ஜெய்னுலாப்தீன் கேட்டார்.

"தூங்காத கண்ணோட வெட்டுனதுல யாருக்கு என்ன ஆச்சுன்னு யாரு அத்தா பாத்தா?" என்றாள் மாஜிதா.

"சரி, மிச்சத்த இங்க வந்து பழகிக்கோ. சாதாரணக் குடலிறக்கந்தான."

"அப்ப மொத ஆளா நீங்க படுங்கத்தா. ஒங்களுக்குந்தான் இருக்கு."

"எனக்கு மதுரையில பெரிய டாக்டர்ட்ட சொல்லி வச்சிருக்கேம்மா" என்று சட்டென்று வாயைவிட்டார்.

நூர்பானு விடவில்லை.

"நம்ம வயிறுன்னா மதுரைக்கு ஓடணும். சீனிச்சாமி வயிறுன்னா எம்மக கை பழகுற எடமாக்கும்?"

அவருக்கு முகம் செத்துப்போயிற்று. சட்டையை மாட்டிக்கொண்டு நேரே குடோனுக்குப் போனார். எப்போது வந்து படுக்க வேண்டும் முதலாளி என்று சீனிச்சாமி ஆசையாகக் கேட்டான்.

"ஏலே, இங்க வேண்டாம். நீயும் நானும் மதுரைக்குப் போறோம், ஒரே டாக்டர்ட்ட. செலவு என்னோடது."

"அப்ப நம்ம பாப்பா ஆஸ்பத்திரி?"

"அது ஒரு வருஷம் பூட்டிக் கெடக்கட்டும்" என்றார் ஜெய்னுலாப்தீன். "படிக்கிற புள்ளைக தூக்கத்தக் கெடுக்கக் கூடாது. அதுக்காக, கை பழகாமலும் அனுப்பக் கூடாது. அப்ப வருஷத்தத்தான் கூட்டணும். அந்த வருஷத்த நாம மிச்சம் புடிச்சோம்னா, மேசையில படுத்துக் கெடக்கானே ஏழை, அவன் ஒடம்புல இருந்துதான்ல அத எடுக்குறோம்."