நாலாவது தவணை

அப்பாவின் மூக்கருகே வைத்த விரலை எடுக்காமலேயே அண்ணன் சொன்னான், "நாலு மணி வரைக்கும் யாரும் அழக்கூடாது."

அதற்குள் அம்மா வாயைத் திறந்துவிட்டாள். மகள் பாய்ந்துபோய் அந்த வாயைப் பொத்தினாள். ஏன் பொத்தினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அண்ணன் ஒன்று சொன்னால் கை தானாக ஓடும்படி வளர்ந்துவிட்டவள். அம்மாவின் மூச்சு உள்ளங்கையில் சூடாக முட்டியது. கட்டிலில் அப்பா காலெல்லாம் சிமெண்ட் தூளோடு படுத்திருந்தார்.

விடிந்ததும் விடியாததுமாக, எதிர்ப்பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் ஏறி, தளத்துக்குக் கட்டியிருந்த கம்பிகளை ஒன்றுவிடாமல் எண்ணிவிட்டு, நெஞ்சை என்னவோ அழுத்துகிறது என்று இந்த வாடகைத் தகர வீட்டுக்கு வந்து படுத்தவர்தான். டீ போட்டு எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எந்த வேலையையும் இழுத்தடிக்கத் தெரியாத மனுஷன்.

"ஒரு டாக்டரையாவது கூப்பிடுண்ணா."

"டாக்டர் வந்தா தெருவுக்கே தெரியும். தெருவுக்குத் தெரிஞ்சா மேஸ்திரிக்குத் தெரியும். அவர் மிக்சரை ஓட்டாமலே கிளம்பிடுவார். மூணரைக்கு பேங்க் என்ஜினியர் வர்றார். கான்கிரீட் போட்டிருக்கறதைக் கண்ணால பார்த்தாத்தான் நாலாவது தவணை. கடன் யார் பேர்ல இருக்கு?"

யார் பேரில் என்று மூவருக்கும் தெரியும். குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுக்கும் அப்பாவின் சம்பளத்தைப் பார்த்துத்தான் வங்கி வாயைத் திறந்தது. அண்ணனின் பெயரை அவர்கள் பைக் கடனிலேயே பார்த்துச் சலித்திருந்தார்கள். கடன் வாங்கியவரே போய்விட்டார் என்று தெரிந்தால் மிச்சத் தவணை அப்படியே நின்றுவிடும். மேஸ்திரிக்கும் சிமெண்ட் கடைக்கும் இந்தத் தவணையின் ஆறு லட்சத்தைக் காட்டித்தான் இரண்டு மாதமாக வாய்தா சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கழுத்தில் காதில் இருந்ததெல்லாம் எப்போதோ செங்கல்லாக மாறி எதிரே நின்றுகொண்டிருந்தது.

கடனுக்கு ஒரு காப்பீடும் இருந்தது. அதாவது, செலவுப் பட்டியலில் இருந்தது. பட்டியல் எழுதியவள் மகள்தான். கூட்டிப் பார்த்தபோது நாற்பத்தோராயிரம் துண்டு விழுந்தது. எதை வெட்டலாம் என்று அப்பாவும் அவளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தார்கள். மாடிப்படிக் கைப்பிடியில் கைவைக்க அம்மா விடவில்லை. வாசல் கதவுக்குத் தேக்கு வேண்டாம் என்றதும் அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"அப்ப என்னை வெட்டு," என்றார் அப்பா. "அந்தக் காப்பீட்டை அடி. எனக்கு என்ன வந்துது, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

அவளும் சிரித்துக்கொண்டே அடிக்கோலை வைத்து அந்த வரியின் மேல் கோடு போட்டாள். மை சரியாகப் பிடிக்கவில்லை என்று இரண்டாம் முறையும் அழுத்திப் போட்டாள்.

எட்டு மணிக்கு மிக்சர் ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் அம்மா வாய்விட்டு அழுதிருந்தால்கூட யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் அதற்குள் அவள் அழாமல் இருக்கப் பழகிவிட்டாள். பதினாலு ஆட்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேறு ஆளில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து போவாள், வருவாள், கட்டிலின் ஓரத்தில் உட்காருவாள், மறுபடி எழுந்து போவாள்.

"சார் எங்கம்மா காணோம்?" என்று மேலேயிருந்து கத்தினார் மேஸ்திரி. "காலையிலே வந்து கம்பியெல்லாம் எண்ணிட்டுப் போனாரே!"

அம்மா குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்ற அண்ணன் முந்திக்கொண்டான். "காய்ச்சல், மேஸ்திரி. படுத்துட்டார்."

"அதுவும் நல்லதுக்குத்தான். அவர் நின்னா ஒரு சட்டி கலவைக்கு ஒரு கேள்வி கேப்பார். இன்னிக்குத்தான் நிம்மதியா வேலை ஓடுது."

சாரத்தில் நின்ற ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் நின்ற மகளும் சிரித்து வைத்தாள். சிரித்த வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அண்ணனையும் சும்மா சொல்லக்கூடாது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆட்களோடு ஆளாகக் கலவை தூக்கினான். வீட்டுக்குள் வருவதைவிட அது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு அம்மா அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "இன்னும் சூடு இருக்குடி."

"வெயில்மா."

"பாதத்துலகூட இருக்கு. தொட்டுப் பாரேன்."

"தகரம் காயுதும்மா. எல்லாமே சூடாத்தான் இருக்கும்."

மகள் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டு, ஒருவேளை அம்மா சொல்வது நிஜமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவளுக்கு. ஒரு மணிக்கும் அம்மா அதையே சொன்னாள். இரண்டு மணிக்குப் பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள்.

என்ஜினியர் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஏணியில் ஏறிப் பார்த்தார், நாலு பக்கமும் போட்டோ எடுத்தார், இறங்கி வந்து ஒரு படிவத்தை நீட்டினார்.

"கடன்தாரர் கையெழுத்து வேணும்."

"காய்ச்சலா படுத்திருக்கார் சார். குடுங்க, வாங்கிட்டு வந்துடறேன்."

"நானே வந்து ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேனே. பட்டியல் அவ்வளவு கச்சிதமாப் போட்டுக் கொண்டுவந்த மனுஷன்."

அவர் பேசிக்கொண்டே தெருவைக் கடந்துவிட்டார். பின்னால் வந்த அண்ணனின் முகம் கலவை நிறத்துக்குப் போயிருந்தது. வாசலில் மகள் குறுக்கே நின்றாள். "கிட்ட வராதீங்க சார். ஒட்டுற காய்ச்சல்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

என்ஜினியர் இரண்டடி பின்வாங்கினார். அவள் படிவத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அப்பாவின் கையெழுத்து அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. கடன் விண்ணப்பத்தில் முப்பது இடத்தில் போட வேண்டியிருந்தபோது, கை வலிக்கிறது என்று பாதியை அவளிடம்தான் தள்ளிவிட்டார். நாற்காலியின் மேல் படிவத்தை வைத்து, அவர் பக்கம் திரும்பாமல் போட்டாள். பெயருக்கு அடியில் அவர் இழுக்கும் கோடு எப்போதும் வலப்பக்கம் சரியும். இவள் இழுத்தது நேராக விழுந்துவிட்டது.

அம்மா எட்டிப் பார்த்தாள்.

"தேதி போடலையே."

"என்னம்மா?"

"அவர் தேதி போடாம கையெழுத்துப் போடமாட்டார். இன்னிக்குத் தேதியைப் போடு."

மகள் போட்டாள்.

வாசலிலிருந்து பார்த்தால் கட்டிலில் இரண்டு பாதங்கள் மட்டும்தான் தெரியும். படிவத்தை வாங்கிக்கொண்ட என்ஜினியர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எழுப்பாதீங்க, தூங்கட்டும். வீட்டைக் கட்டறதுன்னா சும்மாவா? மனுஷனைப் பாதியாக்கிடும்."

"பணம் சார்?" என்றான் அண்ணன்.

"மேனேஜர் இன்னிக்கு லீவு. நாளைக்கு அவர் வந்து பார்த்து, எப்படியும் பதினோரு மணிக்குள்ள ஏறிடும்."

அவர் போனதும் அண்ணன் உள்ளே வந்து சுவரோடு சாய்ந்து நின்றான். முழங்கை வரை கலவை காய்ந்திருந்தது. எதிரே மிக்சர் நின்றுபோனதில் வீட்டுக்குள் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது.

"மணி நாலு தாண்டிடுச்சு, பெரியவனே," என்றாள் அம்மா. முந்தானையைச் சுருட்டிக் கையில் தயாராக வைத்திருந்தாள்.

அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான், "நாளைக்குப் பதினொண்ணு வரைக்கும்மா."

அம்மா எழுந்து போய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். அண்ணன் மகளிடம் பணத்தையும் சைக்கிள் சாவியையும் கொடுத்தான்.

"ஐஸ் வாங்கிட்டு வா. பெரிய கட்டியா ரெண்டு."

ஐஸ் கடைக்காரர் கொக்கி போட்டுக் கட்டிகளை இழுத்தார். "ரெண்டு பெரிய கட்டியா? வீட்ல என்னம்மா விசேஷம்?"

"கான்கிரீட் போட்டோம்."

"அடடே! சொந்த வீடா?"

"ம்."

"கொடுத்து வச்சவங்க. அப்பாவுக்குத் தலைகால் புரியாதே இன்னிக்கு." உடைந்து கிடந்த ஒரு துண்டை எடுத்துச் சாக்குக்குள் போட்டார். "இதுக்குக் காசு வேணாம், என் சந்தோஷத்துக்கு."

அவள் சாக்கை சைக்கிளில் வைத்துக் கட்டினாள். விரல்கள் மரத்து, முடிச்சு இரண்டு தடவை நழுவியது.

"நாளைக்குப் பதினோரு மணி வரைக்கும் தாங்குமாங்க?" என்று கடைக்காரரைக் கேட்டாள்.

"இந்த வெயிலுக்கா? விடியறதுக்குள்ள தண்ணியாயிடும்."

அவள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டாள். உருட்டிக்கொண்டு நாலடி போனவள் நின்று திரும்பினாள்.

"காலையில எத்தனை மணிக்குக் கடை தெறப்பீங்க?"