மாண்புக் காப்பு மன்றத்தின் மட்டன் துண்டு

ஓர் இனத்தின் மானம் எங்கே குடிகொண்டிருக்கிறது என்று அறிஞர்கள் காலங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். அன்று காலை அது கிள்ளான் நகரில், கடைவரிசை மாடியில் இருந்த ஓர் உணவுப் பரிசோதனைக்கூடத்தில், ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் இருந்தது. ஒரே ஒரு துண்டு. மசாலா கொஞ்சம் ஒட்டியிருந்தது.

டப்பாவை இரண்டு கைகளாலும் ஏந்தி வந்தவர் பிரிக்பீல்ட்ஸ் தமிழர் மாண்புக் காப்பு மன்றத்தின் தலைவர் கார்த்திகேசு. மன்றத்தின் ஆண்டு விருந்தில், தட்டிலிருந்த இரண்டு துண்டுகளில் ஒன்றை வாயில் போட்டவர், மெல்லுவதை நிறுத்தி, மைக்கை வாங்கி, "இது ஆடு இல்ல. என் நாக்கு பொய் சொல்லாது" என்று அறிவித்தார். மற்றதைத் தடயமாகப் பத்திரப்படுத்தினார். ஆடு இல்லையென்றால் மாடுதான் என்று கூட்டம் தானே முடிவுகட்டிக்கொண்டது. யாரோ எடுத்த வீடியோ, விடிவதற்குள் சுங்கை பூலோவிலிருந்து கேரி தீவு வரை எல்லாக் குடும்ப வாட்ஸ்அப்பிலும் ஓடியது.

விருந்துக்குச் சமைத்த இராஜம்மாவுக்குத் தீபாவளிக்கும் கல்யாணங்களுக்கும் வந்திருந்த ஆர்டர்களில் பாதி அன்றைக்கே போய்விட்டன. மீதிப் பேர் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் அவரும் வந்து, வரவேற்பறையில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சத்தியமா ஆடும்மா. நின்னு பார்த்து வெட்டி வாங்குனேன்" என்றார், அங்கே வேலை பார்க்கும் ஷாமினியிடம்.

"மெஷின் சொல்லட்டும் ஆன்டி. டென்ஷன் ஆகாதீங்க லா."

கார்த்திகேசு கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்வையிட்டார். ஷாமினி துண்டின் உள்பகுதியிலிருந்து பயறளவு வெட்டி, மூடி திருகும் சின்னக் குழாயில் போட்டாள். கூடவே பொடிப்பொடியாகச் செரமிக் மணிகள், கொஞ்சம் கரைசல். குழாயை மெஷினில் பூட்டி முடுக்கினால் அது வெறிபிடித்ததுபோல் ஆடும். உள்ளே மணிகள் சதையை அடித்துக் கூழாக்கும். அந்தக் கூழிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தால் எந்தப் பிராணி என்று தெரிந்துவிடும்.

கதவிடுக்கில் தலைவரின் தலை நீண்டது. "இவ்ளோ பெரிய விஷயத்துக்கு மணி இத்துனூண்டா இருக்கே?"

"இந்தக் குழாய்க்கு இதான் சைஸ் அங்கிள்."

"தலைவர்னு கூப்பிடலாம்."

"கதவ சாத்துங்க தலைவர். காது போயிரும்."

ஒரு லோரி கோலிக்குண்டைத் தகரத்தில் கொட்டியதுபோல் மெஷின் அலறியது. ஏதோ கீதம் இசைக்கிறார்கள் என்பதுபோல் கார்த்திகேசு விறைப்பாக நின்றார்.

சத்தம் ஓய்ந்ததும் ஷாமினி குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. ஆட்டுக்கறி என்றால் நாரும் சவ்வுமாக மணிகளைச் சுற்றிக்கொண்டு அழிச்சாட்டியம் பண்ணும். ஐஸில் ஆறவைத்து இன்னொரு தடவை அடித்தால்தான் வழிக்கு வரும். இதுவோ முதல் அடியிலேயே சரணடைந்து கஞ்சியாக நின்றது.

கண்ணாடி வழியே அந்த முகத்தைப் பார்த்துவிட்டு இராஜம்மா ஓடிவந்தார். "என்னம்மா, மாடா?"

"இன்னும் டெஸ்டே பண்ணல ஆன்டி. சாயங்காலம்தான் தெரியும்."

மத்தியானம் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. சரியாகச் சொன்னால், கார்த்திகேசு மட்டும் கீழே போய் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு, சாப்பிடாதவர்போல் வந்து உட்கார்ந்தார்.

சாயங்காலம் ஷாமினி வெளியே வந்தாள். "மாடு இல்ல ஆன்டி. எருமையும் இல்ல."

"முருகா!" இராஜம்மாவின் மடியிலிருந்து கைப்பை சரிந்தது. சாவிக்கொத்தும் ஏலக்காயும் தரையில் சிதறின.

"ஆனா ஆடும் இல்ல. செம்மறி இல்ல, கோழி இல்ல, பன்னியும் இல்ல."

கார்த்திகேசு எழுந்தார். முகத்தில் ஓர் ஒளி. "பார்த்தீங்களா! அப்ப நம்ம மக்களுக்கு எதைப் போட்டிருக்காங்க? பூனையா?"

"வாயக் கழுவுங்க தலைவரே!" என்றார் இராஜம்மா.

"மிருகமே இல்ல தலைவர். மெஷின்ல அடிக்கிறப்பவே எனக்கு டவுட்டு. சோயா டெஸ்டும் போட்டேன். பாசிட்டிவ். இது சோயா மட்டன்."

தலைவரைக் கேள்வி கேட்கும் பழக்கம் மன்றத்தில் கிடையாது. அதனால் விருந்தன்று யாரும் கேட்காததை இராஜம்மா இப்போது கேட்டார். "நீங்க எந்த மேசையில போய் எடுத்தீங்க?"

"வாசல் பக்கம். அங்கதான் கியூ கம்மி."

"அது சைவம் தலைவரே! மட்டன் மேடைப் பக்கம்ல இருந்துச்சு!"

இராஜம்மா தரையிலேயே உட்கார்ந்து, ஏலக்காய் பொறுக்கியபடி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். ஷாமினிக்கும் அடக்க முடியவில்லை.

கார்த்திகேசு தொண்டையைச் செருமிக்கொண்டு கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்தார். "அன்பு நெஞ்சங்களே, அறிவியல் தீர்ப்பளித்துவிட்டது. அது ஆடு அல்ல என்று நான் அன்றே சொன்னது நிரூபணமாகிவிட்டது..."

"மாடு இல்லன்னு சொல்லுங்க முதல்ல!"

"...மாடும் அல்ல. மேசை அமைப்பில் நேர்ந்த சிறு குழப்பத்தால் அது சைவம். அம்மையார் இராஜம்மா குற்றமற்றவர்."

"அது போதும். மத்தத என்ன வேணும்னாலும் சொல்லிக்குங்க."

வீடு போய்ச் சேர்வதற்குள் இராஜம்மாவின் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. டெங்கில் ஊர்க் கல்யாண வீட்டுக்காரர்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்தச் சோயாவும் கிடைக்குமா என்றார்கள்.

விருந்தன்று அந்தச் சைவ மேசையை ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தவர் கார்த்திகேசு.