யன்னலை அடைத்தது யார்

அந்தத் தூள் டின்னை இனித் தொடமாட்டேன் என்று பிரசாந்தினி சொன்னதும் இரசாயனவியல் ஆய்வுகூடமே திரும்பிப் பார்த்தது. துறைத்தலைவர் யோகேந்திரனின் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்ல அந்த வளாகத்தில் வேறு எந்த மாணவிக்குத் துணிச்சல் இருந்தது?

எண்ணெயில் இருக்கும் எசுத்தர்ச் சேர்வையை அற்ககோல் ஆக்க அங்கே காலங்காலமாக அந்த ஐதரைட்டுத் தூள்தான். ஈரம் பட்டால் தீப்பிடித்துக்கொள்ளும் சனியன். திருகோணமலைத் துறைமுகக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? அதனால் யன்னல்களை அடைத்து, மின்விசிறியை நிற்பாட்டி, வியர்த்துக் கொட்டக் கொட்ட வேலை செய்வார்கள். போன வருடம் கிண்ணியாவிலிருந்து வந்து படித்த ஜுமானாவின் நெற்றி வியர்வை தூளில் சொட்டியது. வலது கை வெந்துபோனது. கவனக்குறைவு என்று சொல்லி யோகேந்திரன் அவளை ஆய்வுகூடத்துப் பக்கமே வரக்கூடாதென்று தடுத்துவிட்டார். கை வெந்தவளுக்குத் தண்டனை வேறு! சிநேகிதி பிரசாந்தினிக்கு வயிறு எரிந்தது.

அவள் தேடிப்பிடித்த வழி சாதுவானது. ஊக்கியாகக் கொஞ்சம் நாகம் என்கிற துத்தநாக உலோகத்தின் உப்பு, அதோடு சிலிக்கன் சேர்ந்த ஓர் எண்ணெய்த் திரவம், மிதமான சூடு. ஈரக்காற்றுக்கெல்லாம் அது பயப்படாது. தேங்காயெண்ணெய் எசுத்தரில் இது அற்ககோல் தந்தால் ஜுமானா திரும்ப உள்ளே வரலாம். தராவிட்டால் பிரசாந்தினியும் வெளியே. யோகேந்திரனோடு பேச்சு அப்படித்தான்.

அன்றைக்கு எல்லா யன்னல்களையும் அகலத் திறந்துவிட்டுத்தான் குடுவையைச் சூடாக்கினாள். பின்னேரம் யோகேந்திரன் வந்து ஒரு துளி எடுத்துப் பரிசோதனைத் தகட்டில் வைத்துப் பார்த்தார். எசுத்தர் இல்லை. அற்ககோல் தெரியவேண்டிய இடத்திலும் ஒன்றுமில்லை. அவருக்கு உள்ளுக்குள் சந்தோசம்தான். எல்லாம் வீண், கொட்டிவிடு என்று சொல்லிக் குடுவையை எடுக்க அவரே கை நீட்டினார்.

"கை வைக்காதேங்கோ, சேர்." குறுக்கே வந்து நின்றாள். "அற்ககோல் சிலிக்கனோடை ஒட்டிக்கொண்டு கிடக்குது. காரம் விட்டால்தான் கழண்டு வரும். உங்கடை தூளுக்குக் கடைசியிலை தண்ணி போதும், இதுக்குக் காரம் வேணும்."

காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். நுரைத்துப் பொங்கி அடங்கியது. மறுபடி தகட்டில் வைத்தபோது அற்ககோலின் இடத்தில் பழுப்பாக ஒரு பொட்டு எழும்பியது.

முறை நல்லதுதான் என்று யோகேந்திரன் ஒத்துக்கொண்டார். ஜுமானாவின் விசயத்தை அடுத்த தவணையில் யோசிப்போம் என்று இழுத்தார். பேச்சைப் பார், பேச்சை!

பிரசாந்தினி போய்க் கதவைத் திறந்தாள். வெளியே காத்து நின்ற ஜுமானாவை உள்ளே கூப்பிட்டாள். ஜுமானா வாசலிலேயே நின்று யோகேந்திரனைப் பார்த்தாள்.

"அவரை ஏன் பாக்கிறாய்? தூளிலை விழுந்தது உன்ரை வேர்வைதான். யன்னலை அடைக்கச் சொன்னது ஆர்?"

ஜுமானா உள்ளே வந்து, வெந்து சுருங்கிய கையால் குடுவையை வாங்கிக்கொண்டாள்.