புராணத்தின் மீதிக் கதை

ஏழு வருஷமாக அந்த ஆளின் கதையைக் கேட்டு மெக்கானிக்கின் காது புளித்துப்போயிருந்தது. குடியை விட்டவர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆளுக்கு ஐந்து நிமிடம்தான் பேச்சு. நேரம் முடிந்ததும் மேஜை மணியைத் தட்டுவது மெக்கானிக்கின் பொறுப்பு. குடியை விட்டுப் பத்தொன்பது வருஷமான, ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவருக்கு மட்டும் அந்த ஐந்து நிமிடம் எதற்கும் போதாது. கடைசியாகக் குடித்த நாளன்று காலையில் எழுந்தது, பல் தேய்த்தது, அறுந்த செருப்புக்கு ஊக்கு தேடியது என்று ஆரம்பிப்பார். ஊக்கு கிடைப்பதற்குள் மணி அடித்துவிடும். புராணம் என்றே அவருக்குப் பெயர் நிலைத்துவிட்டது. மற்றவர்களுக்கு அரை நிமிடம் கூட்டிவிடுகிற மெக்கானிக், புராணத்துக்கு மட்டும் கொஞ்சம் முன்னாடியே தட்டுவான். அதில் அவனுக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

இன்று காலை முதலாளி அவனை ஒரு பாருக்கு அனுப்பினார். அங்கே வழக்கமாகப் போகிறவன் லீவு. கடை திறப்பதற்குள் பீரைக் குளிர வைக்கிற பெரிய கூலர் பழுது நீங்கி ஓடியாக வேண்டும்.

"ஏழு வருஷம் ஆச்சே, இன்னுமா பயம்?" என்றார். மெக்கானிக் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

பிழைப்புக்காக இப்படிப் போக நேர்ந்தால் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரையாவது போனில் கூப்பிட்டு, வேலை முடிந்து வெளியே வரும்வரை லைனைத் துண்டிக்காமல் வைத்திருக்க வேண்டும். கூட்டத்துக்கு வரும் தையல்காரரின் போன் அணைந்திருந்தது. நர்சம்மா டியூட்டியில் இருந்தார். இன்னும் இரண்டு பேர் எடுக்கவில்லை. தலையெழுத்தே என்று புராணத்தைக் கூப்பிட்டான். முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டார்.

"எந்த பாரு? ஓ, எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. நீ பாட்டுக்கு வேலையைப் பாரு தம்பி, நான் லைன்லயே இருக்கேன். அன்னிக்குக் காலைல என்ன ஆச்சுன்னா..."

கூலரின் கெபாசிட்டர் உப்பிப்போயிருந்தது. அவன் அதைக் கழற்றும்போது காதில் செருப்பு அறுந்தது. புதியதை மாட்டும்போது புராணம் ஊக்கு தேடினார்.

"அண்ணே, ஒரு நிமிஷம் சும்மா இருங்கண்ணே. கம்ப்ரஸர் சத்தம் கேக்கணும்."

"நல்லா கேளு. நான் மெதுவாப் பேசுறேன்."

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவன் லைனைத் துண்டித்து, போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். கம்ப்ரஸர் ஒரு முனகல் முனகிவிட்டு ஓட ஆரம்பித்தது. அப்பாடா என்றிருந்தது.

பார்க்காரர் ஒரு டம்ளரை நிரப்பி அவன் முன்னால் வைத்தார். "கை வச்சதும் ஓடுதே. ஒரு வாய் போடு மெக்கானிக், யாரு பாக்கப்போறா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வாசனை அடித்ததும் ஏழு வருஷமும் எங்கோ போய்விட்டது. அவனுக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மகள் மறுபடி அப்பா என்று கூப்பிட ஆரம்பித்தே இரண்டு வருஷம்தான் ஆகிறது. அது நன்றாக ஞாபகம் இருந்தது, ஆனாலும் கை டம்ளருக்குப் போனது. என்னால் முடியவில்லை, நீ பார்த்துக்கொள் என்று தினமும் காலையில் தன்னைவிடப் பெரிய ஒன்றிடம் சொல்லச் சொல்வார்கள் கூட்டத்தில். யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாமல் கடனே என்று சொல்லி வந்தவன், இப்போது வாய்விட்டுச் சொன்னான். ஒன்றும் நடக்கவில்லை. விரல் டம்ளரில்தான் இருந்தது.

"தம்பி" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

புராணம் நின்றுகொண்டிருந்தார். உடம்பெல்லாம் வியர்வை, காலில் செருப்பில்லை, கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஒரு கால் படியில் இருந்தது.

"நான் உள்ள வந்தா என்ன ஆவேன்னு எனக்கே தெரியாது. ஆனா நீ வெளிய வரலைன்னா வந்துருவேன்."

அடுத்த காலும் படியில் ஏறுவதை மெக்கானிக் பார்த்தான். டம்ளரை விட்டான், பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான். தன்னைவிடப் பெரியது என்றார்களே, அது இப்படி அறுவையாக வந்து வாசலில் நிற்கும் என்று ஒருத்தரும் அவனுக்குச் சொல்லவில்லை.

"பைத்தியமாண்ணே உங்களுக்கு? பத்தொம்பது வருஷத்தை வச்சுக்கிட்டு இங்க வந்து நிக்கிறீங்க."

"லைன் கட்டாயிருச்சேப்பா."

எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள். மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் புராணம், "எங்க விட்டேன்? ஆங், ஊக்கு" என்றார். மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். முக்கால் மணி நேரம் ஆனது. மூன்று பஸ் போயிற்று.

"அப்புறம் ஒரு கடைல நின்னு போன் போட்டேன். கூட்டத்துல குடுத்த நம்பர் பதினொண்ணு கைல இருந்துச்சு. ஒருத்தரும் எடுக்கல. போய்க் குடிச்சேன். அதான் கடைசி. அதுக்கப்புறம் எந்த நேரத்துல யாரு கூப்பிட்டாலும் நான் எடுத்துருவேன்."

மெக்கானிக் அவர் பக்கம் திரும்பினான். கோபம்தான் வந்தது.

"இதைச் சொல்லத்தானாண்ணே ஏழு வருஷமா ஊக்கு தேடிக்கிட்டு இருந்தீங்க? முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் வந்தேன்" என்றார் புராணம். "நீ மணி அடிச்சிட்டே."