பதினேழாம் நம்பர் ஏறாத ஏணி

காலை ஒன்பது மணிக்குப் பன்னிரண்டடி ஏணி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு டன்னக்கா கடைத்தெருவில் நடந்தபோது, போக்குவரத்து தானாகவே இரண்டாகப் பிளந்தது. பேருந்து ஒன்று ரிவர்ஸ் எடுத்தது. அவள் திரும்பினால் ஏணியும் கூடவே திரும்பும் என்பதை நொடியில் கண்டுகொண்ட போக்குவரத்துக் காவலர், தொப்பியைப் பிடித்தபடி நடுச்சாலையில் குந்தி உட்கார்ந்தார். டன்னக்கா இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவள் ஊசி என்கிறவனைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தாள்.

டன்னக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை, ஏணிக் கம்பெனி வைத்தது. அங்கே பத்தொன்பது வருடம் ஏணி ஏறியது அவள் வேலை. அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் இருந்தது. செய்து முடித்த ஒவ்வொரு ஏணியையும் இரண்டு பேர் சேர்ந்து சோதிப்பார்கள். ஒருவர் கீழே நின்று பிடிப்பார், "ஏறு" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் வராமல் மற்றவர் காலைத் தூக்கக் கூடாது. ஏறுகிறவர் ஆறாம் படியில் நின்று மூன்று முறை குதிக்க வேண்டும். ஏணி பிழைத்தால் ஏறியவரின் நம்பரை ஏணியின் இடது காலில், எண் பொறிக்கும் இரும்புப் பஞ்ச் வைத்து அடிப்பார்கள், அதன் கீழே மாதமும் வருடமும். பிடித்தவர் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்.

டன்னக்காவின் நம்பர் பதினேழு. எடை நூற்றுப் பதினெட்டுக் கிலோ, அதுவும் சாப்பாட்டுக்கு முன்னால். அவள் குதிக்கும்போது கேன்டீனில் டீ அலையடிக்கும். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பூகம்பம் என்று இரண்டு தடவை லீவு விட்டார்கள். மூன்றாவது தடவை தலைமையாசிரியருக்கு விஷயம் தெரிந்துவிட்டதில் பிள்ளைகளுக்குத்தான் வருத்தம். பெயின்டர்களும் எலெக்ட்ரீஷியன்களும் கடையில் போய், "பதினேழு இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். அந்த நம்பர் இருந்தால், தன் மாமியாரையே மேலே ஏற்றிவிட்டு நிம்மதியாகப் போய்த் தூங்கலாம் என்பது ஊர்ப் பேச்சு.

அந்தப் பத்தொன்பது வருடமும் கீழே நின்று பிடித்தவன் ஊசி. மழையில் குடையில்லாமல் போனால் இரண்டு துளிக்கு நடுவில் நுழைந்து நனையாமல் வந்துவிடுகிற உடம்பு. ஒருநாள் ஏணியின் கால் முறிந்து டன்னக்கா சரிந்தபோது, ஓடியிருந்தால் தப்பியிருப்பான். ஓடவில்லை. தோள்பட்டை எலும்பு உடைந்து ஒன்றரை மாதம் கட்டுப் போட்டுக் கிடந்தான். "ஒன்னும் இல்லக்கா, ஒரு மலை லேசா சாஞ்சுது" என்றான் பார்க்கப் போனவளிடம். அன்றிலிருந்து அவன் அவளுக்குக் கூடப் பிறக்காத தம்பி.

அப்புறம் வயதான முதலாளி கம்பெனியை விற்றார். வாங்க வந்தவர் கொளுத்துகிற வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். அவ்வளவு மெதுவாகப் பேசுவார். என்ன சொல்கிறார் என்று கேட்க எல்லாரும் கிட்டே போவார்கள். கேட்டு முடிப்பதற்குள் எங்கேயோ கையெழுத்துப் போட்டிருப்பார்கள். வந்த முதல் நாள் அவர் இயந்திரத்தைப் பார்க்கவில்லை, இடத்தை அளக்கவில்லை. "நம்பர் பஞ்ச் எல்லாம் எங்க வச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டே வாரத்தில், ஏறுகிறவர்கள் ஏழு பேருக்கும் கடிதம் வந்தது. டன்னக்காவின் கடிதத்தில், 'உடல் எடை அதிகமாக இருப்பதால் ஏணி ஏறும் பணிக்குத் தகுதியற்றவர்' என்று இருந்தது. அவள் சிரித்த சிரிப்பில் மூன்றாம் வீட்டு நாய் குரைத்தது. "மீனைத் தண்ணில கெடக்குதுன்னு வேலைய விட்டுத் தூக்கின மாதிரி இருக்கே!" என்றாள். பிறகு கடிதத்தை மடித்து வைத்தாள். ஊசி மட்டும் உள்ளேயே தங்கினான், 'தர மேலாளர்' என்ற பதவியில். மூன்று மாதமாக அவள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இன்று காலையில்தான் அவள் புருஷன் புது ஏணியோடு வந்தார். அவர் பெயின்டர். நூலகத்தின் உயரமான கூரைக்கு வர்ணம் அடிக்கும் வேலை கிடைத்திருந்தது.

"பாரு, ஒன் நம்பர்தான் வேணும்னு அடம்பிடிச்சு வாங்கினேன். நீ ஏறின ஏணில நான் ஏறப் போறேன், எனக்கென்ன பயம்?"

டன்னக்கா ஏணியின் இடது காலைத் தடவிப் பார்த்தாள். பதினேழு. அதன் கீழே இந்த மாதம், இந்த வருடம். இரண்டாம் படியில் ஒரு காலை மட்டும் வைத்தாள். முழுசாக அழுத்தக்கூட இல்லை. படி நனைந்த அட்டைப்பெட்டி போலத் தொய்ந்தது.

"என்னடி இது, நீ ஏறினதாச்சே?"

"நான் ஏறலைங்க."

அவர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். அரை மணியில் அவர் இதன் உச்சியில் நின்றிருப்பார்.

"பழைய ஏணிய எடுத்துட்டு வேலைக்குப் போங்க" என்றாள். "இத எனக்குக் குடுங்க."

தொழிற்சாலை வாசலில் வாட்ச்மேன் கையைப் பிசைந்தார். "அக்கா, ஒங்கள உள்ள விடக் கூடாதுன்னு ஆர்டர்."

"விடாத. யாரு விடச் சொன்னா? நீ விடாம நில்லு, நான் பாட்டுக்குப் போறேன்."

அவர் விடாமல் நின்றார். அவள் போனாள்.

உள்ளே அலுமினியம் அறுக்கும் சத்தமே இல்லை. இயந்திரங்கள் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்தன. பின்வாசலில் ஒரு லாரியிலிருந்து எங்கோ செய்த ஏணிகள் இறங்கின. இரண்டு பேர் அவற்றின் ஸ்டிக்கரைச் சுரண்டினார்கள். ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த மூன்றாவது ஆள், சுத்தியலால் டக் டக்கென்று நம்பர் அடித்தான். முன்வாசலில் இன்னொரு லாரியில் அவை ஏறின. நடுவில் அந்த ஏணிகள் மேல் ஒரு ஈகூட ஏறவில்லை, ஏறியிருந்தால் வளைந்திருக்கும்.

டன்னக்கா சுத்தியல்காரன் கையிலிருந்த பஞ்சைப் பிடுங்கினாள். பதினேழு.

"யாருப்பா குடுத்தது இத?"

"ஊசி சார்தான்."

"சாரா?" என்றாள் டன்னக்கா. வேறெதுவும் கேட்காமல் ஊசியின் கண்ணாடி அறைக்குள் ஏணியோடு நுழைந்தாள். ஏணியின் முன்பாதி ஜன்னல் வழியாக வெளியே போனது. ஜன்னல் அதுவரை மூடியிருந்தது.

ஊசி எழுந்து நின்றான். கழுத்தில் டை. அது ஒன்றுதான் அவன் உடம்பிலேயே அகலமாக இருந்தது.

"அக்கா... ஒக்காருங்கக்கா."

"ஒக்காரல. ஒன் நாற்காலி பாவம். இந்த ஏணில என்ன தேதிடா?"

அவன் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை.

"நான் வீட்ல காலை நீட்டி ஒக்காந்திருக்கேன். இங்க நான் ஏறிக் குதிச்சிட்டிருக்கேன். மூணு மாசத்துல எத்தனை ஏணி ஏறியிருக்கேன், சொல்லு."

"அறுநூத்திச் சொச்சம்."

"அடேங்கப்பா! எளச்சிருக்கணுமே நான்!"

"கேலி பண்ணாதீங்கக்கா. நாலு வயிறு இருக்கு எங்க வீட்ல. கோட்டுக்காரர் சொன்னாரு, ஏணி எல்லாம் நல்ல எடத்துலேருந்துதான் வருது, ஏற்கெனவே சோதிச்சதுதான், நம்பர் சும்மா ஒரு அழகுக்குன்னு."

"நீ ஒரு படியையாவது மிதிச்சுப் பாத்தியா?"

மேஜை மேல் கிடந்த பதிவேட்டை அவள் தன் பக்கம் திருப்பினாள். ஏறியவர்: பதினேழு. பிடித்தவர் என்ற இடத்தில், பக்கம் பக்கமாக ஊசியின் கையெழுத்து. இடுப்புச் சேலையில் செருகியிருந்த கடிதத்தை எடுத்து அதன் மேல் வைத்தாள்.

"இதுல நான் ஏறத் தகுதியில்லாதவ. அதுல அறுநூறு தடவை ஏறினவ. நீ எந்த ஏணியப் புடிச்சே, யாரு ஏறினப்போ புடிச்சே? நாளைக்கு எவனாவது கீழ விழுந்தா இங்க வந்து என்ன பாப்பாங்க? என் நம்பர், ஒன் கையெழுத்து. கோட்டுக்காரர் பேரு எங்கயாவது இருக்கா, தேடிக் குடு."

ஊசி நிஜமாகவே தேடினான். பக்கங்களைப் புரட்டப் புரட்ட, அவன் முகத்தில் ரத்தம் வற்றிக்கொண்டே போனது.

"இப்ப என்னக்கா பண்ணச் சொல்றீங்க?"

"கடைகளுக்குப் போன் போடு. ஒன்னு விடாம. விக்காதே, வித்ததத் திருப்பி வாங்குன்னு சொல்லு. இப்பவே, என் முன்னாடி."

அவன் கை தொலைபேசி வரைக்கும் போனது. அப்போது கதவருகே ஒரு இருமல், அதுவும் மெதுவாகத்தான் கேட்டது. கோட்டுக்காரர்.

"வாங்கம்மா" என்றார். "ஒங்களத்தான் தேடிட்டிருந்தேன். ஒங்க படத்த ஏணியில போடலாம்னு இருக்கோம். மாசாமாசம் ஒரு தொகை. ஏறவே வேண்டாம்."

"ஏறாம எனக்கு எதுக்குங்க படம்? நான் ஏறித்தான் பழக்கம்." ஏணியை ஜன்னலிலிருந்து உருவினாள். "வாடா ஊசி, வெளிய."

முற்றத்தில் முன்வாசல் லாரியின் பக்கப் பலகையில் ஏணியைச் சாய்த்தாள். சுமையாட்கள் வேலையை நிறுத்தினார்கள். டிரைவர் தலையை வெளியே நீட்டினார். ஊசியின் கைகள் அவனைக் கேட்காமலே போய் ஏணியைப் பிடித்தன.

"கொரல் குடு" என்றாள் டன்னக்கா.

ஊசி வாயைத் திறந்தான். மூடினான்.

"பதிவேட்டுல அறுநூறு தடவ குடுத்திருக்கியே. இன்னும் ஒன்னு குடுக்க என்ன?"

குரல் வரவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக, குரல் வராமலே டன்னக்கா காலைத் தூக்கினாள். முதல் படி முனகியது. இரண்டாம் படி ஏற்கெனவே தொய்ந்திருந்தது, அதைத் தாண்டி மூன்றாவதில் வைத்தாள். ரிவெட் ஆணி ஒன்று துப்பாக்கிக் குண்டு மாதிரி பறந்து போய்த் தண்ணீர் டிரம்மில் ஓட்டை போட்டது. அவள் நிற்கவில்லை. நான்காவது படிக்குக் கை வைத்தாள்.

கோட்டுக்காரர் ஊசியின் காதருகே குனிந்தார். வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னார். "ஏறட்டும், விடுங்க. விழுந்தா நல்லதுதான். தகுதியில்லன்னு லெட்டரே குடுத்திருக்கோமே."

ஊசி அவரைத் திரும்பிப் பார்த்தான். அதுவரை அவனிடமிருந்து யாரும் கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. கூரையிலிருந்த புறாக்கள் மொத்தமும் எழுந்து, அடுத்த ஊருக்கே குடிபோனதாகக் கேள்வி.

"எறங்குக்கா! தாங்காது! ஒன்னு கூடத் தாங்காது! நான் எதையும் புடிக்கல, யாரும் எதுலயும் ஏறல, எல்லாம் பொய்க் கையெழுத்து!"

"என்ன சொன்னாரு தெரியுமா இவரு?" ஊசி சுமையாட்கள் பக்கம் திரும்பினான். "அக்கா விழுந்தா நல்லதாம்! இவரு மெதுவா சொன்னத நான் சத்தமா சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கங்க! விழுந்தா நல்லதாம்!"

ஒரு சுமையாள் கையிலிருந்த ஏணியைக் கீழே போட்டான். போட்ட வேகத்திலேயே அதன் கால் வளைந்தது. "எங்க மச்சானுக்கு இதத்தான்டா வாங்கிக் குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டே வெளியே ஓடினான்.

டன்னக்கா ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். சேலையைச் சரி செய்துகொண்டாள்.

கோட்டுக்காரர் இதற்குள் செல்போனில் யாரோடோ பேசியபடி பின்வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார். பின்வாசல் லாரிக்காரன் அவரையும் முந்திக்கொண்டு ஏணிகளை மறுபடி ஏற்றத் தொடங்கியிருந்தான். வாட்ச்மேன் வந்து அந்தக் கேட்டைப் பூட்டினார். "யாரையும் விடக் கூடாதுன்னு ஆர்டர் சார்" என்றார் வெகு பணிவாக. "உள்ளயா வெளியவான்னு நீங்க சொல்லல."

கண்ணாடி அறையில் ஊசி போன் போட்டான். கடைகளின் எண்களெல்லாம் அவனுக்கு மனப்பாடம். டன்னக்கா பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு எதிரே நின்றாள். முதல் கடையில் ஒன்றும் விற்கவில்லை. இரண்டாவதில் திட்டினார்கள், திட்டி முடிக்கும்வரை ஊசி, "ஆமாங்க, நான்தாங்க கையெழுத்துப் போட்டது" என்று மூன்று தடவை சொன்னான். நான்காம் கடையில் கேட்டுக்கொண்டே இருந்தவன் கையால் போனை மூடினான்.

"பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு போயிருக்காம்க்கா. ஃபேன் மாட்ட. பத்தரைக்கு ஆரம்பிக்கிறாங்களாம்."

மணி பத்து இருபது.

"அங்க போன்?"

"கடைக்காரர் அடிச்சுப் பாத்தாராம், எடுக்கல."

சாலையைச் சுற்றிப் போனால் பள்ளிக்கூட வாசலுக்கு ஒரு கிலோமீட்டர். டன்னக்கா முன்வாசல் லாரியின் கதவைத் திறந்து ஏறினாள். லாரி அந்தப் பக்கம் அரையடி தாழ்ந்தது. ஊசி நடுவில் ஒடுங்கினான். கியர்க் கம்பி எது, ஊசி எது என்று டிரைவருக்கு ஒரு நிமிடம் குழம்பியது.

"அக்கா, இது சரக்கு ஏத்துன வண்டி. கேக்காம எடுத்தா என் வேலை போயிடும்" என்றார் டிரைவர்.

"போனா போகட்டும், அது ஒன்னும் பெரிய வலியில்ல, எனக்குத் தெரியும். எடுப்பா."

"இந்த ஏணிங்க எல்லாம்?"

"கூடவே வரட்டும். ஊசி, மத்த கடைக்கெல்லாம் போற வழியிலயே போனப் போட்டுட்டே வா. எவனாவது எடுக்கலன்னா அங்கயும் போறோம்."

லாரி முன்வாசலைத் தாண்டியது. ஊசி டையை அவிழ்த்துக் கண்ணாடியில் படிந்த தூசியைத் துடைத்தான், டிரைவருக்கு வழி நன்றாகத் தெரியட்டுமென்று. டன்னக்கா இடக்கையால் ஜன்னலைப் பிடித்து, வலக்கையை நீட்டி ஹாரனை அழுத்தினாள். அழுத்திய கையைப் பள்ளிக்கூட வாசல் வரும்வரை எடுக்கவில்லை.