மார்ச் 12, பின்னிரவு 2.10

1

இந்தக் கதை ஒரு கேள்விக்குறியிலிருந்து வந்தது. அதைப் போட்டவள் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

படூரில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதப்படும் முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் தமிழில் ஒரு சுருக்கம் இருக்க வேண்டும் என்பது சிநேகா என்ற ஆய்வு மாணவியின் பல்கலைக்கழகத்தில் விதி. அறிவியல் மாணவர்கள் அதைக் கடைசி வாரத்தில் எழுதி, தெரிந்த தமிழாசிரியரிடம் திருத்தக் கொடுப்பார்கள். சிநேகா என்னிடம் கொடுத்தாள். வானியற்பியல், நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் ‘மார்ச் 12, பின்னிரவு 2.10’ என்றிருந்த இடத்தில் பென்சிலால் எழுதினேன்: ‘பின்னிரவு 2.10 என்றால் மார்ச் 13 அல்லவா?’

ஒற்று மிகுமா மிகாதா என்று பார்க்கும் அதே மனநிலையில்தான் எழுதினேன்.

2

அதற்கு முன்பே அவளைப் பற்றி ஒரு கதை தொடங்கியிருந்தேன். கைவிட்ட தொடக்கங்கள் இவை:

மாமல்லபுரம் கடற்கரையில் நின்று சிநேகா நட்சத்திரங்களை அண்ணாந்து—

(அவளிடம் காட்டியபோது சிரித்துவிட்டாள். “நான் எங்க மேடம் அண்ணாந்து பாத்தேன்? அஞ்சு வருசமா குனிஞ்சு லேப்டாப்பத்தான் பாத்துகினு கீறேன். கழுத்து வலின்னு டாக்டர்கிட்ட போனா, நாவலூர்ல ஐ.டி. கம்பெனியாம்மான்னு கேக்கறாரு.”)

நிலமில்லாத குடும்பத்தில் பிறந்து விண்ணையே—

(இது செய்தித்தாள் வாக்கியம். அவள் அம்மா செங்கம்மாள் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் இரவு ஷிப்ட் பார்ப்பவர். விண்ணை எட்டுவதைப் பற்றி அவரிடம் பேசினால் ஏணி இருக்கிறதா என்று கேட்பார்.)

3

கொஞ்சம் விளக்க வேண்டும். இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன. இருபத்து மூன்று நாளுக்கு ஒருமுறை ஒன்று மற்றதை மறைக்க, வெளிச்சம் சில மணிநேரம் மங்கும். சிநேகா பார்த்த முதல் பருவத்தில் மட்டும் மூன்று மறைப்புகள் ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாக வந்தன. ஏன்? அருகில் கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஒன்று இருந்து இழுக்கிறது என்று கணக்குப் போட்டாள். அதுதான் நான்காம் அத்தியாயம்.

அந்தப் பருவத்தில் தொலைநோக்கியின் கணினிக் கடிகாரம் பழுது. நேரத்தைக் கையால் நோட்டில் எழுதினாள். நள்ளிரவு தாண்டிய பிறகும் முந்தைய நாள் தேதியையே எழுதியிருக்கிறாள்.* அந்த மூன்று மறைப்புகளும் நள்ளிரவு தாண்டி வந்தவை.

* வானியலாளர்களின் கணக்கில் நாள் நண்பகலில் தொடங்குகிறது, ஓர் இரவு இரண்டாக உடைந்துவிடக் கூடாது என்பதற்காக. இதை அறிந்ததும் எனக்கு அவர்கள் எல்லோர் மேலும் ஒரு பாசம் வந்தது. ஆனால் அந்தக் கணக்குக்கு மாற்றும் சூத்திரம் நாட்காட்டித் தேதியைத்தான் கேட்கும். சிநேகா அதற்குக் கொடுத்தது தன் வீட்டுத் தேதியை.

4

என் பென்சில் குறிப்பைப் படித்த மறுநாள் காலை என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். அம்மாவிடம் சொல்லும்போது யாராவது உடனிருக்க வேண்டும் என்றாள்.

(இக்காட்சியை மாமல்லபுரத்தில் வைத்துப் பார்த்தேன், அலையெல்லாம் போட்டு. செங்கம்மாள் அங்கே வாயே திறக்கவில்லை. நடந்த இடத்துக்கே திரும்புகிறேன்: சிங்கப்பெருமாள் கோயில், அவர்கள் வீட்டுச் சமையலறை.)

“இன்னாடி, ரெண்டு பேரும் மொகத்தத் தொங்கப் போட்டுகினு கீறீங்க?” ஷிப்ட் முடிந்து வந்து டீ போட்டுக்கொண்டிருந்தார் செங்கம்மாள்.

“மா, தேதிய தப்பா எழுதிட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்குப் பாத்தத முந்தின நாள்ல போட்டுட்டேன்.”

“ராத்திரி ரெண்டு மணின்னா முந்தின நாளுதான? எங்க ரிஜிஸ்டர்லயும் அப்டிதான். திங்கக்கெழம நைட்டுன்னா காலீல ஆறு மணி வரிக்கும் திங்கக்கெழமதான். பொழுது விடியாம எப்டிடி செவ்வா வரும்?”

சிநேகா என்னைப் பார்த்தாள். “கேட்டீங்களா மேடம்? இது வூட்டு வியாதி.”

செங்கம்மாள் டீயை வடிகட்டினார். பிறகுதான் உறைத்திருக்க வேண்டும். “அப்ப அந்த மூணாவது?”

“இல்ல மா.”

“எங்கயாவது போயிட்சா?”

“எப்பவுமே இல்ல. என் தப்புதான் அது.”

“மூணு வருசமா இருந்துச்சே,” என்றார் செங்கம்மாள்.

5

இந்த வரியில் ஒரு முழு நாள் நின்றுவிட்டேன். இல்லாத ஒருத்தியை வருடக்கணக்கில் நேசித்து, அவளுக்கு எடை கொடுத்து, மற்றவர்களை இழுக்க வைப்பது என் தொழில். அதற்கு என்னைப் பாராட்டுகிறார்கள். அதையே சிநேகா செய்தால் பிழை. அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு வந்தது இரக்கம் என்று எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். வந்தது குற்றவுணர்வு, அதனடியில் கொஞ்சம் பெருமையும். பிழையைக் கண்டுபிடித்தது நான் அல்லவா. இந்தப் பெருமையை ஒரு கதாபாத்திரத்துக்குக் கொடுத்துத் தப்பிக்கலாமா என்றும் யோசித்தேன்.

அவளுக்கு முன்னால் இருந்தது இது: வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் புனேயில் ஆராய்ச்சி வேலை. நான்காம் அத்தியாயத்தை எடுத்தால் வெள்ளிக்கிழமை நடக்காது. புனே காத்திருக்குமா என்றும் தெரியாது. எடுக்காவிட்டால் வெளியில் யாருக்கும் தெரியாது, என்னைத் தவிர.

முடிவு அ: என் பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்து அப்படியே கொடுத்துவிடுகிறாள். (எழுதினேன். நாலு வரிகூட அவள் இதில் நடக்க மறுக்கிறாள்.)

முடிவு ஆ: அவளுடைய நெறியாளர் ஸ்ரீதேவி, பிழையை ஒப்புக்கொண்டதற்காகவே அவளைக் கட்டியணைத்து— (இல்லை. எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொள்கிறேன்.)

6

சமையலறையில் உண்மையில் நடந்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

“நீ கேன்டீன்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிகீறியே மா. இப்ப இன்னா சொல்லுவ?”

“இன்னா சொல்லுவேன்? எம்பொண்ணு ஒண்ண கண்டுபுட்ச்சா, அப்பால அது இல்லேன்னும் அவளே கண்டுபுட்ச்சான்னு சொல்லுவேன். ரெண்டு வேலை பாத்துகீற.”

“டீச்சர்தான் கண்டுபுடிச்சாங்க.”

“டீச்சரு கேட்டாங்க. நீதான பாத்த?”

சிநேகா டீயைத் தொடாமல் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஸ்ரீதேவி மேடத்தைத்தான் அழைக்கிறாள் என்று தெரிந்தது. கதவு திறந்திருந்தது, சமையலறைக்கு எல்லாம் கேட்கும். எழுதுகிறவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனாலும் என் கை தானாகவே போய்க் குழாயைத் திறந்து டம்ளரைக் கழுவத் தொடங்கியது.

“கொழாய மூடுங்க டீச்சர்,” என்றார் செங்கம்மாள் மெதுவாக. “கேக்கல.”

மூடினேன்.

“மேடம், நாலாவது சேப்டர்ல ஒரு தப்பு,” என்றாள் சிநேகா. “எடுக்கணும். இன்னிக்கே சொல்லணும்னுதான்.”

பிறகு அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நெடுநேரம். செங்கம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஈரமாக இருந்தது, யார் கை ஈரம் என்று தெரியவில்லை.

மறுமுனையில் பேசியதை நான் எழுதப்போவதில்லை. ஸ்ரீதேவியை நான் சந்தித்ததில்லை. என்ன எழுதினாலும் அது நான் வரவழைத்த ஸ்ரீதேவியாகத்தான் இருப்பாள், இல்லாத இன்னொருத்தி. அப்படி ஒருத்தியை சிநேகா அன்றுதான் தன் கையால் எடுத்துப்போட்டாள். நான் புதிதாக ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்த மாட்டேன். வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: வாசலில் நிற்பவள் அதை நின்றபடியே கேட்க வேண்டும்.